செகண்ட்ல போடு

இல்ல சார், பேசாதீங்க. பேசினாலும் வராது. வாய் மூடாம இருக்க ஒரு கட்டை வச்சிருக்கேன், பல்லைச் சுத்தி ரப்பர் ஷீட் மாட்டியிருக்கேன், பாதி நாக்கு மரத்துப் போயிருக்கும். நீங்க என்ன சொன்னாலும் எனக்கு ஒரு எழுத்து புரியாது. வலிச்சா மட்டும் இடது கையைத் தூக்குங்க, உடனே நிறுத்திடுவேன். சரியா? ஆங், அவ்வளவுதான். தலையை ஆட்டாதீங்க, உள்ள ஊசி இருக்கு.

நேத்தே சொன்னேன்ல, இது ரெண்டு தடவை வர வேண்டிய வேலைன்னு. நேத்து துடிச்சுட்டு வந்தீங்க, திறந்து மருந்து வச்சு அனுப்பினேன். இன்னிக்கு வேரைச் சுத்தம் பண்ணி அடைச்சு மூடிடலாம். மரத்துப் போற ஊசி கொஞ்சம் தாராளமாவே போட்டிருக்கேன். வலிக்கக்கூடாதுன்னுதான், வேற ஒண்ணும் இல்ல. நான் பேசிட்டே வேலை பாக்கற ஆள். சில பேருக்குப் பிடிக்காது. ஆனா இதுவரைக்கும் யாரும் பாதியில எந்திரிச்சுப் போனதில்ல.

சிரிக்காதீங்க சார், சிரிச்சாலும் தாடை ஆடும்.

உங்க நாவலை நான் படிச்சிருக்கேன். நேத்தே சொல்லியிருப்பேன், ஆனா நேத்து நீங்க இருந்த இருப்புல உங்க பேரே உங்களுக்கு ஞாபகம் இருந்திருக்காது. முன்னாடி உக்காந்திருக்கற பொண்ணு உங்க பேரைச் சொன்னதும் கையுறையைப் பாதி மாட்டிட்டு அப்படியே நின்னுட்டேன். அவரேதானா, இல்ல அதே பேர்ல வேற யாராவதான்னு. குரலைக் கேட்டதும் சந்தேகம் போயிடுச்சு. அவ்வளவு வலியிலயும் அம்மான்னு முனகினீங்க பாருங்க, அதுகூட உங்க நாவலை எடுத்த சீரியல்ல வர்ற மாதிரியே இருந்துச்சு.

ஆமா, சீரியலும் பாத்திருக்கேன். இந்த ஊர்ல யார் பாக்கல? இங்க டிரைவர்னா ஒருத்தர்தான். பஸ் ஓட்டற மத்த எல்லாரும் சும்மா பஸ் ஓட்டறவங்க. பஸ் ஸ்டாண்ட் வாசல்ல ஸ்டியரிங்கைப் பிடிச்சுட்டு நிக்கறாரே, அவர்தான் டிரைவர். சின்ன வயசுல நான் கேப்பேன், உக்காந்துதானே ஓட்டணும், இவர் ஏன் நின்னுட்டு ஓட்டறாருன்னு. உக்காந்தா சிலை சின்னதா தெரியுமாம். அவர் சொல்லித்தான் வேலைநிறுத்தம்னு பஸ்ஸெல்லாம் நின்னுச்சு, மாசக்கணக்குல நின்னுச்சு. தலைமறைவா இருந்தவரைப் போலீஸ் பிடிச்சுது, லாக்கப்புலேர்ந்து அவர் திரும்பி வரல. இதெல்லாம் நடந்தது. நீங்களும் நாவல்ல அவர் நிஜப் பேரையே போட்டுத்தான் எழுதினீங்க, இனிஷியலைக்கூட மாத்தல.

கொஞ்சம் பெருசா திறங்க. ம். நல்ல வேர் சார் உங்களுக்கு, நேரா இருக்கு.

நாவலை அவரைப் பிடிச்ச இன்ஸ்பெக்டர் சொல்ற மாதிரி எழுதினது நல்ல யோசனைன்னு எல்லாரும் பாராட்டினாங்க. சீரியல்ல அதை நீங்களே பேசினீங்க. தினமும் ஆரம்பத்துல ஒரு பழைய நாற்காலில உக்காந்து, மேஜை விளக்கை லேசா திருப்பி வச்சுட்டு, நான்தான் அந்த இன்ஸ்பெக்டர், அவனைப் பிடிச்சது நான்தான், அப்படின்னு. என்ன குரல்! எங்க வீட்ல தண்ணி குடிச்சுட்டிருக்கற ஆள்கூட டம்ளரைக் கீழ வைக்காம நின்னுடுவாங்க.

எங்க அம்மா அதை ஒரு நாள் விடாம பாத்தாங்க. இப்ப அவங்களுக்கு உடம்பு சரியில்ல. சரியா சாப்பிடறதில்ல, தூங்கறதில்ல. அவங்களுக்காக உங்ககிட்ட ஒரு சின்ன உதவி கேக்கணும். பல்லை முடிச்சுட்டுக் கேக்கறேன். கையெழுத்து இல்ல சார். போட்டோவும் இல்ல. அதெல்லாம் கேக்கறவங்க கேட்டுக்கட்டும்.

இப்ப லேசா அரம் போடற மாதிரி ஒரு சத்தம் கேக்கும். பயப்பட வேண்டாம்.

அந்தத் தங்கச்சியை ஏன் சார் அப்படிப் பண்ணீங்க? டிரைவரோட தங்கச்சியை? அவ வீட்டு மாடியிலதானே அவர் ஒளிஞ்சிருந்தார். நீங்க எழுதினது எனக்கு மனப்பாடம். கைக்குழந்தைக்குக் காய்ச்சல். கடையெல்லாம் மூடிக் கெடக்கு. இன்ஸ்பெக்டர் வர்றார், அதட்டல, மிரட்டல, மருந்து பாட்டிலை எடுத்து மேஜை மேல வைக்கிறார். அவ கண்ணை மட்டும் தூக்கி மாடிப் பக்கம் பாக்கறா. ஒரே ஒரு பார்வை. அதோட அண்ணன் கதை முடிஞ்சுது. அந்த இடம் படிச்சுட்டு நான் அழுதேன் சார். உங்களைச் சந்தோஷப்படுத்தறதுக்காகச் சொல்லல. அவ்வளவு நல்லா எழுதியிருக்கீங்க. அதுதான் பிரச்சினையே. சுமாரா எழுதியிருந்தீங்கன்னா நாங்க தப்பிச்சிருப்போம்.

கை தூக்கறீங்க. வலிக்குதா? இல்லையா? அப்ப கீழ போடுங்க. வலிக்கு மட்டும்தான் கை.

முன்னுரையில ஒரு வரி வரும். அந்தத் தங்கச்சி வேற ஊருக்குப் போய் அங்கேயே காலமாயிட்டாங்க, சொந்தம்னு சொல்லிக்க யாரும் மிஞ்சல, அதனால அவங்க பாத்திரத்தைச் சுதந்திரமா கற்பனை பண்ணிக்கிட்டேன்னு. புத்தகம் வந்த புதுசு. அந்த வரியை நான் சத்தமா வாசிச்சேன். எங்க அம்மா சமையலறையில வெங்காயம் நறுக்கிட்டிருந்தாங்க. காதுல விழுந்துச்சு போல. செத்துட்டேன்னா போட்டிருக்கான்? அப்ப மிச்ச வெங்காயத்தை நீயே நறுக்கு, அப்படின்னு கத்தியை என் கையில குடுத்துட்டுப் போய் உக்காந்துட்டாங்க.

ஆமா சார். அவங்கதான்.

கடிக்காதீங்க, கட்டை நழுவும். மூக்கால மூச்சு விடுங்க. மெதுவா. ம், இன்னொரு தடவை.

டிரைவர் எனக்கு மாமா. அம்மாவோட சொந்த அண்ணன். நாங்க எங்கயும் போகல, சிலைக்குப் பின்னாடி சினிமா தியேட்டர் இருக்குல்ல, அதை ஒட்டின தெருதான். தேடியிருந்தா கிடைச்சிருப்போம். கோபமா சொல்லல. கோபம் இருந்தா நேத்து பல்லைப் பிடுங்கி அனுப்பியிருப்பேன். இவ்வளவு மெனக்கெட்டு வேரைக் காப்பாத்திட்டு இருக்க மாட்டேன்.

அப்ப அம்மா நல்லா இருந்தாங்க. நாவல் முழுசையும் கண்ணாடி போட்டுட்டுப் படிச்சாங்க. முடிச்சுட்டு, என்னை ரொம்ப அழகா எழுதியிருக்கான்டி, மூக்குதான் என்னுது இல்லைன்னாங்க. அம்மா, உன்னைக் காட்டிக்கொடுத்தவளா எழுதியிருக்காரு, மூக்கைப் பத்திப் பேசறியேன்னு குதிச்சேன். கேஸ் போடணும்னு நின்னேன். அவங்க அசையவே இல்ல. அது நான் இல்லையே, நான்தான் உசிரோட இருக்கேனே, செத்தவ என்ன வேணா பண்ணிட்டுப் போறா, அப்படின்னாங்க. அதோட விட்டுட்டேன்.

தண்ணி அடிக்கறேன், விழுங்கிடாதீங்க. குழாய் இழுத்துக்கும்.

அப்புறம் ஞாபகம் போக ஆரம்பிச்சுது. முதல்ல அடுப்பு. அப்புறம் தெரு. அப்புறம் எங்க அப்பா யாருன்னு என்கிட்டயே கேட்டாங்க. அந்த நேரம் பாத்து உங்க சீரியல் வந்துச்சு. பகல்ல அவங்களைப் பாத்துக்க ஒரு அக்கா வர்றாங்க, அவங்களுக்கு அந்த சீரியல்னா உசிரு. ரெண்டு பேரும் சேந்து உக்காந்து பாப்பாங்க. எனக்கும் நிம்மதியாதான் இருந்துச்சு, அம்மா ஒரு இடத்துல உக்காந்திருக்காங்களேன்னு. தங்கச்சியா நடிச்ச பொண்ணு வந்தா, பாரு, நான் வந்துட்டேன்னு கை தட்டுவாங்க. நாங்க சிரிப்போம்.

காலியான வீட்ல யார் வேணா குடி வரலாம்ல சார். அம்மா மண்டைக்குள்ள ஒவ்வொரு அறையா காலியாக ஆக, உங்க ஆளுங்க ஒவ்வொருத்தரா சாமானோட வந்து இறங்கினாங்க. மருந்து பாட்டில் வந்துச்சு. மேஜை வந்துச்சு. எங்க வீட்ல அப்ப மேஜையே கெடையாது.

ஒரு நாள் சாயங்காலம் வேலை முடிச்சு வீட்டுக்குப் போறேன். அம்மா என்னைக் கிட்ட கூப்பிட்டு நெத்தியில கை வச்சுப் பாத்துட்டு, பரவால்ல, விட்டுடுச்சு, அப்படின்னாங்க. என்னம்மா விட்டுடுச்சுன்னேன். காய்ச்சல்னாங்க. அப்புறம் காதுகிட்ட வந்து, உனக்காகத்தான்டி பாத்தேன், அண்ணன்கிட்ட சொல்லிடாதே, அப்படின்னாங்க.

அந்தக் கைக்குழந்தை நான்தான் சார். எனக்கு ஒரு காய்ச்சலும் வரல. அந்த மாசத்துல எடுத்த போட்டோ இருக்கு, பூசணிக்கா மாதிரி உக்காந்திருப்பேன்.

இந்த வயசுல, நரைச்ச தலையோட, ஒருத்தர் உசிரை வாங்கிட்டுப் பொழைச்ச குழந்தையா ஆயிட்டேன். அம்மா என்னைப் பாக்கற பார்வையே மாறிடுச்சு. பாசமாத்தான் பாக்கறாங்க, அதுலதான் தாங்க முடியல. நல்லா இருக்கேல்ல, டாக்டராயிட்டேல்ல, அது போதும்ல, அப்படின்னு கேக்கறாங்க. போதும்னு சொல்றதா, போதாதுன்னு சொல்றதா? எதைச் சொன்னாலும் அவங்க காட்டிக்கொடுத்தது உண்மைன்னு ஆயிடுது. நீ பாக்கவே இல்லம்மா, அது கதைம்மான்னு நான் தலைகீழா நின்னு சொன்னாலும், நீ அப்ப கைக்குழந்தை, உனக்கென்ன தெரியுங்கறாங்க. வாஸ்தவம்தானே.

இன்னும் ஒண்ணு சார். அவங்க கண்ணைத் தூக்கறதில்ல. ஒரே ஒரு பார்வைன்னு எழுதினீங்கல்ல. மறுபடி பாத்துட்டா என்ன பண்றதுன்னு பயம். தலையைக் குனிஞ்சேதான் உக்காந்திருக்காங்க. சாப்பாட்டுத் தட்டு, தரை, அவங்க பாதம், அவ்வளவுதான் அவங்க உலகம். டிவியை அன்னிக்கே கழட்டிப் போட்டுட்டேன், என்ன பிரயோஜனம், அது உள்ள ஓடிட்டிருக்கு. கழுத்து அப்படியே பிடிச்சுப் போச்சு. என் மூஞ்சியைப் பாருன்னு கெஞ்சுவேன். அங்க படி தெரியும், வேண்டாம்பாங்க. எங்க வீட்ல மாடியே கெடையாது சார் இப்ப.

மறுபடி கை. வலியா? வலி இல்ல. அப்ப சரி. எனக்குத் தெரியும், கதைன்னா கதைதான், நிஜம் மாதிரி எழுதறதுதான் உங்க தொழில்னு சொல்ல வர்றீங்க. நீங்க பேட்டியில சொன்னதைக் கேட்டிருக்கேன். நான் அதை மறுக்கல. மாமாவைப் பத்தி யாரும் எழுதாம போயிருந்தா அந்தச் சிலை மேல காக்கா மட்டும்தான் உக்காந்திருக்கும். இப்ப மாலை விழுது. உங்களாலதான். கையைக் கீழ வச்சுக்கங்க.

இப்ப வேரை அடைக்கறேன். லேசா சூடா இருக்கும்.

அவர் எப்படி மாட்டினார்னு சொல்றேன், கேளுங்க. அம்மா சொன்னது, எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து சொன்னது. அப்ப எங்க வீடு ஏத்தமான தெருவுல இருந்துச்சு. மாமா மாடி அறையில ஒளிஞ்சிருக்கார். வேலைநிறுத்தத்தை உடைக்கணும்னு போலீஸ் காவலோட புது ஆளுங்களை வச்சு பஸ் விட ஆரம்பிச்சாங்க. கருங்காலிங்க. ஓட்டிப் பழக்கமே இல்லாத பசங்க. அதுல ஒரு வண்டி எங்க தெரு வழியாத்தான் ஏறும். அது மாமாவோட வண்டி. அவர் வருஷக்கணக்கா ஓட்டின வண்டி, சத்தத்தை வச்சே கண்டுபிடிச்சுட்டார். அந்தப் பையன் ஏத்தத்துல மூணாவது கியர்லயே ஏத்தப் பாப்பான். வண்டி முக்கும், திணறும், உதறும். ஒவ்வொரு நடைக்கும் இதே பாடு. மாமா தலகாணியைக் காதுல வச்சு அமுக்கிட்டு, அழுவுதுடி, என் வண்டி அழுவுதுன்னு அறைக்குள்ள சுத்தி வருவாராம். போலீஸ் தேடுதுங்கற பயம்கூட அவருக்கு அப்படி இருந்ததில்லையாம்.

அன்னிக்கு வண்டி பாதி ஏத்தத்துல நின்னே போச்சு. பின்னாடி உருளவும் ஆரம்பிச்சுது. பையன் மறுபடி மறுபடி கியரைப் போட்டு அரைக்கிறான். அந்தச் சத்தத்தை அம்மா வாயாலேயே பண்ணிக் காட்டுவாங்க சார், கீழுதட்டை மடிச்சு, தொண்டையிலேர்ந்து. அக்கம்பக்கத்துப் பிள்ளைங்கெல்லாம் அதைக் கேக்கறதுக்குன்னே எங்க வீட்டுக்கு வரும். அவ்வளவுதான், மாமாவால தாங்க முடியல. ஜன்னலைப் படார்னு திறந்து பாதி உடம்பை வெளிய நீட்டி ஒரு கத்து. டேய், கிளச்சை முழுசா மிதிடா! செகண்ட்ல போடு! செகண்ட்ல போடுடா!

தெருவே அண்ணாந்து பாத்துச்சு. பஸ்ஸுக்குள்ள இருந்த போலீஸும்தான்.

பையன் செகண்ட்ல போட்டான். வண்டி ஒரு உலுக்கு உலுக்கிட்டு அழகா ஏற ஆரம்பிச்சுது. பின்பக்கம் ஒரு படி இருந்துச்சு, மாமா அந்த நேரத்துல இறங்கி ஓடியிருக்கலாம். அம்மா குழந்தையை இடுப்புல வச்சுட்டு, ஓடுண்ணா, ஓடுண்ணான்னு சட்டையைப் பிடிச்சு இழுக்கறாங்க. அவர் நகரல. வண்டி ஏத்தத்து உச்சிக்குப் போய்த் திரும்பற வரைக்கும் சத்தத்தைக் கேட்டுட்டே நின்னார். அப்புறம் திரும்பி, ஏறிடுச்சுடின்னு சிரிச்சாராம். அம்மா அவரைக் கடைசியா பாத்தது அந்தச் சிரிப்புலதான். இந்த இடம் வந்ததும் அம்மாவும் சிரிப்பாங்க. கண்ணுல தண்ணி ஓடிட்டே இருக்கும், வாய் சிரிக்கும்.

அவ்வளவுதான் சார் நடந்தது. யாரும் காட்டிக்கொடுக்கல. ஒரு கியர்.

நாவலுக்கு இது போதாதுன்னு நினைச்சிருப்பீங்க. இல்ல, உங்க காதுக்கே வரலையோ என்னவோ. இதை முழுசா சொல்ல அம்மா ஒருத்தங்கதான் மிச்சம் இருந்தாங்க, அவங்களைத்தான் நீங்க முன்னுரையிலேயே அனுப்பிட்டீங்களே.

போன மாசம் இதை நான் அம்மாவுக்குச் சொன்னேன். அவங்க எனக்குச் சொன்ன மாதிரியே, அந்தச் சத்தமெல்லாம் போட்டு. எனக்குச் சரியா வராது, இருந்தாலும் போட்டேன். தலையைக் குனிஞ்சுட்டே முழுசா கேட்டாங்க. கேட்டுட்டு, நல்லா இருக்கே, இந்தக் கதையை யார் எழுதினது, அப்படின்னாங்க.

ஒரு நிமிஷம் சார். கண்ணாடியில பனி பிடிச்சுடுச்சு. தொடைச்சுக்கறேன்.

ம். இப்ப ஒரு நீல லைட் காட்டுவேன், மேல வச்ச பூச்சு கெட்டியாகறதுக்கு. கண்ணை மூடிக்கங்க. அவ்வளவுதான். ரப்பரை எடுத்துடறேன். கட்டையையும் எடுத்துடறேன். தாடை வலிக்குதா? இருக்கும். இந்தக் கலர் பேப்பரை மெதுவா கடிங்க. உயரமா தெரியுதா? சரியா இருக்கு. இனி இந்தப் பல்லு உங்களை ஒண்ணும் பண்ணாது.

வேண்டாம், இப்பவும் பேசாதீங்க. உதடு மரத்திருக்கு, பேசினா கன்னத்தைக் கடிச்சுப்பீங்க, ரத்தம் வரும். சாயங்காலம் வரைக்கும் பேச்சும் வேண்டாம், சாப்பாடும் வேண்டாம். நீங்க இந்த ஊருக்கு வந்திருக்கற விழாவுல பேசறது நாளைக்குத்தானே? நாளைக்குச் சரியாயிடும், பழைய குரல் அப்படியே வந்துடும்.

இன்னிக்கு அந்தக் குரல் வேண்டாம் சார். அதைக் கேட்டா அம்மா மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிச்சுடுவாங்க.

நீங்க உள்ள வர்றப்ப, மீன் தொட்டிப் பக்கத்துல ஒருத்தங்க எந்திரிச்சு நின்னாங்களே, பாத்தீங்களா? தலையைக் குனிஞ்சுட்டே உங்க ஷூவைப் பாத்துக் கும்பிட்டாங்களே? வாசகின்னு நினைச்சு தோள்ல தட்டிட்டு வந்தீங்க. அவங்கதான். என்ன சொன்னாலும் நம்பறதில்ல, அந்த இன்ஸ்பெக்டர் ஒருத்தருக்குத்தான் தெரியும், அவரைக் கேட்டுச் சொல்லுங்கறாங்க. நிஜ இன்ஸ்பெக்டர் செத்து எத்தனையோ வருஷமாச்சு, அவர் முகம்கூட அம்மாவுக்கு ஞாபகம் இல்ல. அவங்களுக்குத் தெரிஞ்ச இன்ஸ்பெக்டர் நீங்கதான். நேத்து உங்களை அனுப்பிட்டு வீட்டுக்குப் போய், அவர் நாளைக்கு வர்றாரும்மான்னு சொல்லிட்டேன். நல்ல புடவை கட்டிட்டு, அறையை விட்டு வெளிய வந்திருக்காங்க. எத்தனை நாள் கழிச்சு.

உசிரோட இருக்கற மனுஷனைக் கேக்காம கொள்ளாம ஒரு கதைக்குள்ள தள்ளிட்டேன். தப்புதான். கேட்டிருந்தா நீங்க சம்மதிச்சிருப்பீங்களோ மாட்டீங்களோன்னு பயமா இருந்துச்சு.

பெரிய வேலை இல்ல. நான் மாடியைப் பாத்தேனான்னு கேப்பாங்க. நீங்க நின்னுட்டுத் தலையை ஆட்டினா அவங்களுக்குத் தெரியாது. கீழ முட்டி போட்டு உக்காந்து, உங்க முகம் அவங்க கண்ணுக்கு நேரா வந்தப்புறம், இல்லைன்னு ஆட்டுங்க. மெதுவா, ஒரு தடவை போதும். அதுக்கப்புறம் கையை அவங்க மடிகிட்ட கொண்டு போய், இப்படி, நேரா கீழ ஒரு இழுப்பு. அது செகண்ட். ஒருவேளை வாயால அந்தச் சத்தம் போடுவாங்க. போடலைன்னாலும் பரவாயில்ல.

என்ன சார், பயந்துட்டீங்களா? கை இந்தப் பக்கம் போகுது. நீங்க வண்டி ஓட்டினதே இல்லையா?

சரி, குடுங்க கையை. நான் சொல்லித் தர்றேன்.